ரெண்டாவது பம்பு

நாத்தனார்: …சரி, கடைசியா அண்ணன்கிட்ட என்னதான் சொல்லிட்டு வந்தீங்க?

அண்ணி: தரையில ஒரு சோதனைன்னு சொன்னேன்.

நாத்தனார்: தரையிலயா! அண்ணி, மேகம் தலையில இடிக்கிற உயரத்துல பறந்துட்டு இருக்கேன் நான்.

அண்ணி: நான் தரையிலதானே இருக்கேன்? என்னைப் பத்திக் கேட்டாரு, என்னைப் பத்திச் சொன்னேன்.

நாத்தனார்: அடேங்கப்பா! மெஷினோட மட்டும்தான் பேசத் தெரியும்னு நெனச்சேன். பொய்கூட சரளமா வருதே!

அண்ணி: நெனச்சியா? உங்கண்ணன் என்னை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த அன்னைக்கே வாய்விட்டுச் சொன்ன. ‘இது மெஷினோடதான் பேசும், மனுஷங்களோட பேசாது’ன்னு.

நாத்தனார்: உங்க காதுல விழாம மெதுவாத்தான் சொன்னேன்.

அண்ணி: இன்ஜின் பக்கத்துல கத்திக் கத்திப் பழகின வாய். உன் மெதுவு அடுத்த தெருவுக்குக் கேக்கும்.

தலைவர்: ரெண்டு பேரும் கொஞ்சம் கேளுங்க. ரேடியோவுல பேசுறதெல்லாம் பதிவாகுது. நாளைக்குப் பெரியவங்க எல்லாம் வரிசையா உக்காந்து உங்க குடும்பக் கதையைக் கேப்பாங்க.

நாத்தனார்: கேக்கட்டும் சார். சோதனைத் தலைவர் நீங்களே காதைத் தீட்டிட்டுத்தானே உக்காந்திருக்கீங்க?

தலைவர்: நான் கேக்கலம்மா. அதுவா விழுது. என்ன பம்பம்மா, உங்க பம்பு எப்படி?

அண்ணி: நல்லாத்தான் இருக்கு சார். மோட்டார் சீரா சுத்துது. இன்ஜின் எரிக்கக் கேக்குற எண்ணெய் போய்க்கிட்டே இருக்கு.

நாத்தனார்: பாப்பா கேட்டா சார், ‘அத்தை, அம்மாவோட பம்பு அப்படி என்னதான் பண்ணும்’னு. மத்த விமானத்துல இன்ஜின் தன் கையாலயே சாப்பிடும்டி, அது சுத்துற சுத்துலயே அதோட பம்பும் சுத்தும், வேணுங்கிறதை எடுத்துக்கும், மிச்சத்தைத் திருப்பி அனுப்பும்னு சொன்னேன். உங்கம்மா இன்ஜின் பச்சைப் புள்ளை. பக்கத்துல ஒரு கரண்ட் மோட்டார் உக்காந்து ஊட்டிவிடணும். பசிக்குத் தகுந்த அளவு. ஒரு வாய் கூடவும் கூடாது, குறையவும் கூடாதுன்னு.

தலைவர்: நம்ம அறிக்கையைவிட இது நல்லா இருக்கே.

அண்ணி: …எப்ப கேட்டா?

நாத்தனார்: என்னது?

அண்ணி: பாப்பா. நீ வீட்டைவிட்டுப் போய் மாசக்கணக்காச்சு. உன்கிட்ட எப்ப கேட்டா?

நாத்தனார்: ஸ்கூல் வாசல்ல. அப்பப்போ போய்ப் பாத்துட்டு வருவேன். …திட்டணும்னா இறங்கினப்புறம் திட்டுங்க அண்ணி.

அண்ணி: அத்தையைப் பாக்காதேன்னு நான் எப்பவுமே சொன்னதில்ல. பைலட்டாகப் போறேன்னு அவ ஒத்தைக்கால்ல நிக்கிறா. நீ தூபம் போடாதேன்னேன். அவ்வளவுதான்.

நாத்தனார்: அவ்வளவுதானா? ‘இந்த வீட்டுக்கு ஒருத்தி போதும், இவ பறந்து நாங்க செத்துப் பொழைக்கிறது போதும்’னு சொன்னீங்க. பெட்டியைத் தூக்காம வேற என்ன பண்ணச் சொல்றீங்க?

தலைவர்: இதுவும் பதிவாகுது.

அண்ணி: ஆகட்டும் சார். ஏய், நான் சொன்னதுக்கு அர்த்தம்…

நாத்தனார்: இருங்க.

அண்ணி: எப்பவும் இதேதான், முழுசாக் கேக்காம…

நாத்தனார்: இருங்க அண்ணி, சண்டை இல்ல. இன்ஜின் மூச்சு வாங்குது.

அண்ணி: என்ன பண்ணுது?

நாத்தனார்: இழுத்து இழுத்து விடுது. வேகம் கூட்டுற லிவரை நான் தொடவே இல்ல. தானா ஏறுது, தானா இறங்குது. …இதோ, மறுபடியும்.

அண்ணி: எனக்கும் தெரியுது. டர்பைன் சூடு குதிக்குது. பம்பு வேகமும் அதுகூடவே…

தலைவர்: பம்பு போச்சா?

அண்ணி: பொறுங்க சார். …இல்ல. பம்பு மேல தப்பில்ல. எண்ணெய் எவ்வளவு போகுதுன்னு அளக்குற சென்சார் பிதற்றுது. ‘குறைச்சல், குறைச்சல்’னு கத்துது. கன்ட்ரோலர் அதை நம்பி மோட்டாரை விரட்டுது. அடுத்த நொடியே சென்சார் ‘ரொம்ப ரொம்ப’ங்குது. உடனே கன்ட்ரோலர் மோட்டாரைப் பிடிச்சு இழுக்குது.

நாத்தனார்: ஊட்டுற கைக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க.

அண்ணி: அதேதான். திரும்பு. உடனே திரும்பு.

நாத்தனார்: நீங்க வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே திரும்பிட்டேன். எதிர்ல மலை, மலைக்கு அந்தப் பக்கம் ஊரு, ஊரைத் தாண்டினா நீங்க.

தலைவர்: ஒருவேளை இன்ஜின் நின்னா, சறுக்கிட்டே இங்க வந்துட முடியுமா?

நாத்தனார்: மலை வரைக்கும் வரலாம் சார். மலையைத் தாண்ட முடியாது.

தலைவர்: அப்ப அந்தப் பக்கமே எங்கயாவது சமதரை பாத்து இறக்கிடேன்.

நாத்தனார்: கீழ பாறையும் முள்ளுக்காடும்தான். கைக்குட்டை காயப்போடக்கூட இடமில்ல.

தலைவர்: உயரமாவது ஏத்திக்கோ.

நாத்தனார்: மேல மேகம் மூடிக்கிடக்கு. அதோட, ஏறணும்னா இன்ஜினை உந்தணும். இது இருக்கிற லட்சணத்துக்கு உந்துறதா?

அண்ணி: உந்தாதே. அப்படியே பிடி.

நாத்தனார்: பிடிச்சாச்சு. …அண்ணி, பேசாம ரெண்டாவது பம்புக்கு மாத்திடவா? சுவிட்சு மேலயே கை வெச்சிருக்கேன்.

அண்ணி: கொஞ்சம் பொறு, பாத்துச் சொல்றேன்.

தலைவர்: பம்பம்மா, மைக்கிலேர்ந்து கையை எடுங்க.

அண்ணி: எடுத்துட்டேன். என்ன சார்?

தலைவர்: அவளுக்குக் கேக்காதே?

அண்ணி: கேக்காது. சொல்லுங்க.

தலைவர்: திரையில கீழ பாருங்க. ரெண்டாவது பம்பு. சிவப்புதானே அது? என் கண்ணு இல்லையே?

அண்ணி: சிவப்புதான். …இது நிக்கவே கூடாது சார். கூப்பிட்ட உடனே பிடிச்சுக்கணும்னு எப்பவும் மெதுவா சுத்திக்கிட்டே இருக்கும். நின்னுகெடக்கு. மோட்டாருக்குக் கரண்ட்டே போகல.

தலைவர்: எதனால?

அண்ணி: தெரியல. பெட்டியைப் பிரிச்சாத்தான் தெரியும்.

தலைவர்: இங்கேர்ந்து உசுப்பிவிட முடியாதா?

அண்ணி: இங்கேர்ந்தும் முடியாது, அவளாலயும் முடியாது. தரையில வெச்சுத்தான் முடியும்.

தலைவர்: அவ இப்ப சுவிட்சைப் போட்டா என்ன ஆகும்?

அண்ணி: முதல் பம்பு நின்னுடும். ரெண்டாவது எழுந்திருக்காது. இன்ஜினுக்கு ஒரு சொட்டு போகாது. அணைஞ்சுடும்.

தலைவர்: அவளுக்கு அங்க இது காட்டாதா?

அண்ணி: ஓடுற பம்பை மட்டும்தான் காட்டும். ரெண்டும் தெரியுறது நமக்குத்தான்.

தலைவர்: அப்ப சொல்லுங்க, இப்பவே. ஓட்டுறவளுக்குத் தெரியாம நாம ஒண்ணு வெச்சுக்கக் கூடாது.

அண்ணி: சார், இனிமே பம்பை அவ கையாலதான் ஓட்டணும். ஒரு குமிழை நூல் நூலாத் திருகணும். ‘உனக்கு வேற வழியே இல்ல’ன்னு இப்பச் சொன்னா, அந்தப் பயம் நேரா விரலுக்குப் போகும். விரல் கொஞ்சம் உதறினாலும் முடிஞ்சுது.

தலைவர்: விதின்னு ஒண்ணு இருக்கும்மா.

அண்ணி: சுவிட்சைத் தொடாதேன்னு கண்டிப்பாச் சொல்லிடறேன். தொடாம இருந்தாப் போதும்ல? மிச்சத்தை இறங்கினப்புறம் நானே அவ முகத்துக்கு நேரா சொல்றேன். எது வந்தாலும் என் தலைமேல போடுங்க.

நாத்தனார்: அண்ணி? இருக்கீங்களா? மாத்தவா, வேண்டாமா?

அண்ணி: இருக்கேன் கண்ணு. மாத்தாதே.

நாத்தனார்: …ம்.

அண்ணி: ரெண்டாவது நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுவும் இதே சென்சார் பேச்சைக் கேட்டுத்தான் நடக்கும், இதே கூத்துதான் ஆடும். அது கடைசிக்கு இருக்கட்டும். சுவிட்சிலேர்ந்து கையை எடு. நான் சொல்ற வரைக்கும் தொடக்கூடாது. என்ன ஆனாலும் சரி.

நாத்தனார்: எடுத்துட்டேன். மூடியையும் போட்டுட்டேன்.

அண்ணி: நல்லது. இப்ப வலது முழங்காலுக்குப் பக்கத்துல மஞ்சக் குமிழ்…

நாத்தனார்: ‘யாருக்கு வேணும் இது’ன்னு எல்லாரும் கேட்டாங்களே, நீங்க மல்லுக்கட்டி வெச்சீங்களே, அதுவா?

அண்ணி: அதான். அதை அமுக்கித் திருப்பினா கன்ட்ரோலர் ஒதுங்கிக்கும். மோட்டார் எவ்வளவு வேகமா சுத்தணும்னு அப்புறம் உன் விரல்தான் சொல்லணும். அதுக்கு முன்னாடி இக்னைட்டரைப் போடு. போட்டே வை.

நாத்தனார்: போட்டாச்சு. பொறி தட்டுது, டிக்கு டிக்குன்னு கேக்குது.

அண்ணி: தீ தடுமாறினா அது பிடிச்சுக்கும். இப்பக் கவனமாக் கேளு. எண்ணெய் குறைஞ்சா அணையும். கூடினா டர்பைன் வெந்துடும். நடுவுல ஒரு நூல் இடம், அங்கதான் நாம நிக்கணும்.

நாத்தனார்: நம்ம வீட்டுல நான் இருந்த மாதிரி. …சும்மா சொன்னேன். எப்பத் திருப்பணும்?

அண்ணி: ஏறி இறங்குதுல்ல, நடுவுல வரும்போது. ‘இப்ப’ன்னு சொல்லுவேன். …வருது… இல்ல, விடு. தாண்டிடுச்சு. …மறுபடி வருது… வருது… இப்ப!

நாத்தனார்: திருப்பிட்டேன்! …ஐயோ!

அண்ணி: என்ன? என்னடி?

நாத்தனார்: சத்தம் ஒரேயடியா மாறிப்போச்சு. நின்னுடுச்சோன்னு… இல்ல, ஓடுது. சீரா ஓடுது அண்ணி! மூச்சு வாங்கல!

தலைவர்: அப்பாடா.

அண்ணி: அப்பாடா சொல்லாதீங்க சார், சூடு ஏறுது. ஏய், ஒரு நூல் இறக்கு. …இன்னும் ஒரு நூல். …போதும்! போதும்! …கொஞ்சம் ஏத்து. ஆங்… அங்கயே நில்லு.

நாத்தனார்: நின்னாச்சு. விரல்ல வேர்வை வழுக்குது.

அண்ணி: ஒவ்வொரு விரலாத் தொடைச்சுக்கோ. குமிழை விடாதே. அப்புறம் இன்னொண்ணு, எனக்கு இங்க தெரியுறது ஒரு மூச்சு பழசு. நான் ‘இறக்கு’ன்னு சொல்லும்போது அங்க அது ஏற்கனவே நடந்து முடிஞ்சிருக்கும். அதனால எதையும் வெடுக்குன்னு பண்ணாதே. பொறுமை வேணும்.

நாத்தனார்: பொறுமையா? என்கிட்டயா?

அண்ணி: ஆளு மாறிக் கேட்டுட்டேன். இருந்தாலும் கேக்கறேன்.

தலைவர்: பம்பம்மா, உங்க போன் மேசையில துடிச்சுக்கிட்டே இருக்கு. வீட்டுக்காரர்னு காட்டுது.

அண்ணி: கவுத்து வைங்க சார்.

நாத்தனார்: அண்ணனா? அவனுக்கு மூக்குல வேர்த்திருக்கும்.

அண்ணி: வேர்க்கட்டும். ஒரு நூல் இறக்கு.

நாத்தனார்: இறக்கிட்டேன். …அண்ணி, அவன் சின்ன வயசுல என்னைச் சைக்கிள்ல வெச்சு ஓட்டும்போது, பின்னாடி திரும்பித் திரும்பிப் பாப்பான், நான் விழுந்துட்டேனான்னு. அப்படிப் பாத்துப் பாத்தே சாக்கடையில விட்டான். ரெண்டு பேரும் விழுந்தோம்.

அண்ணி: என்கிட்ட நீதான் தள்ளிவிட்டேன்னு சொல்லியிருக்காரு.

நாத்தனார்: வந்து பேசிக்கறேன் அவனை.

அண்ணி: வா. வந்து பேசு. …ஏத்து, ஏத்து, ஒரு நூல். அவ்வளவுதான்.

தலைவர்: மலை கிட்ட வந்துடுச்சு போலிருக்கே.

நாத்தனார்: ஆமா சார். உச்சியை மேகம் முழுங்கிடுச்சு. இறங்கி, கணவாய்க்குள்ள புகுந்துதான் வரணும்.

அண்ணி: கணவாய்க்குள்ளயா?

நாத்தனார்: வேற வழி இல்ல அண்ணி.

அண்ணி: அதுக்குள்ள வந்துட்டா மலை மறைக்கும். உன் இன்ஜினோட எண்ணு ஒண்ணும் என் திரைக்கு வராது. குரலே வருமோ வராதோ.

நாத்தனார்: எவ்வளவு தூரத்துக்கு?

தலைவர்: நீ வெளிய வர்ற வரைக்கும்மா.

நாத்தனார்: சரி… சொல்லிக் குடுங்க. நான் தனியா என்ன பாக்கணும்?

அண்ணி: சூட்டு முள்ளை மட்டும் பாரு. வேற எதையும் பாக்காதே. இல்ல, மலையையும் பாரு.

நாத்தனார்: நல்லவேளை சொன்னீங்க.

அண்ணி: கிண்டல் பண்ணாம கேளு! இறங்கும்போது இன்ஜினுக்குப் பசி குறையும். நீயும் குறைக்கணும். ஆனா ஒரேயடியாக் குறைச்சா பொசுக்குன்னு அணைஞ்சுடும். முள்ளு பச்சைக்குக் கீழ சாய்ஞ்சா உடனே ஒரு நூல் ஏத்து. சத்தம் அடங்குற மாதிரி இருந்தா முள்ளுக்காகக் காத்திருக்காதே. காதை நம்பு.

நாத்தனார்: காதை நம்பறேன்.

தலைவர்: பம்பம்மா. மைக்கை விடுங்க.

அண்ணி: விட்டுட்டேன்.

தலைவர்: அவ தனியாப் போகப்போறா. உள்ள ஏதாவது ஆகி, பதட்டத்துல சுவிட்சைத் தட்டினா? தடுக்க நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன். இப்பவாவது சொல்லியாகணும்.

அண்ணி: …நீங்களே சொல்லுங்க சார். எனக்கு நாக்கு எழல.

தலைவர்: சரி. நான் சொல்றேன். …கேக்குதாம்மா? தலைவர் பேசுறேன்.

நாத்தனார்: சொல்லுங்க சார்.

தலைவர்: அது வந்து… ரெண்டாவது…

நாத்தனார்: சார்?

தலைவர்: ரெண்டாவது ஓடுபாதையை உனக்காகக் காலி பண்ணி வெச்சிருக்கோம். காத்து வலப்பக்கத்துலேர்ந்து வீசுது. தீயணைப்பு வண்டி ஓரமா நிக்கும், சும்மா ஒரு பாதுகாப்புக்கு. அதைப் பாத்துப் பயந்துடாதே.

நாத்தனார்: சரி சார். வேற ஏதாவது சொல்லணுமா?

தலைவர்: …இல்லம்மா. அந்தச் சுவிட்சைத் தொடாதே. அண்ணி சொன்னபடி கேளு.

நாத்தனார்: வாழ்க்கையில முதல் தடவையாக் கேக்கப்போறேன் சார். …இறங்கறேன். குமிழ் ஒரு நூல் இறங்குது. …இன்னொரு நூல். …ரெண்டு பக்கமும் பாறை…

அண்ணி: முள்ளு எங்க இருக்கு?

நாத்தனார்: பச்சையில… விளிம்புல…

அண்ணி: கொஞ்சம் ஏத்து. …ஏத்தினியா? …ஏய், ஏத்தினியா?

தலைவர்: எண்ணெல்லாம் உறைஞ்சுபோச்சு.

அண்ணி: தெரியுது சார். ஏய்! கேக்குதா? ஏதாவது பேசிக்கிட்டே இரு!

நாத்தனார்: …என்ன பேச… முள்ளு சாயு…

அண்ணி: ஏத்து! ஒரு நூல் ஏத்து! …பேசு! எதையாவது பேசு! திட்டு என்னை!

தலைவர்: போயிடுச்சும்மா. குரலும் போயிடுச்சு. மலை மறைச்சிடுச்சு.

அண்ணி: மறைச்சிருக்குன்னு சொல்லுங்க. போயிடுச்சுன்னு சொல்லாதீங்க.

தலைவர்: மறைச்சிருக்கு. வந்துடுவா. உக்காருங்க.

அண்ணி: உக்கார முடியல. …சார், எனக்கு இவளைக் கண்டா ஆகாதுன்னுதான் வீட்டுல எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருக்காங்க. அவரும்கூட.

தலைவர்: ஆகுமா?

அண்ணி: இவ பறக்கிறான்னு தெரிஞ்சா முந்தின நாளே எனக்குச் சோறு இறங்காது. அவரு நல்லாக் குறட்டை விட்டுத் தூங்குவாரு. நான் கூரையைப் பாத்துக்கிட்டுப் படுத்திருப்பேன். ‘ஒருத்தி போதும்’னு ஏன் சொன்னேன்? இன்னொருத்திக்காகவும் அப்படிப் படுத்துக்கிடக்க என் உடம்புல தெம்பு இல்ல சார். அதுக்காகச் சொன்னேன். அவ பெட்டியைத் தூக்கிட்டா.

தலைவர்: இதை அவகிட்டச் சொல்லியிருக்கலாமே?

அண்ணி: நாங்க வாயைத் தொறந்தாலே சண்டைதான் முதல்ல வருது. …ஏன் இன்னும் வரல?

தலைவர்: கணவாய் வளைஞ்சு வளைஞ்சு போகும்மா.

அண்ணி: இவ்வளவு நேரமாகாது. இவ்வளவு வளைவு கிடையாது. ஏய்… கேக்குதா? உன்னைத்தான். கேக்குதா?

தலைவர்: இருங்க. …எண்ணு அசையுது.

அண்ணி: எங்க?

தலைவர்: இதோ! உயரம் மாறுது பாருங்க!

நாத்தனார்: …மரம்! அண்ணி, மரக்கிளையில உக்காந்திருந்த காக்காவைப் பாத்தேன்! அதுவும் என்னைப் பாத்துச்சு!

அண்ணி: இன்ஜின்? இன்ஜின் ஓடுதா?

நாத்தனார்: ஓடுது. உள்ள ஒரு தடவை சத்தம் அடங்கிப்போச்சு. காதை நம்புன்னீங்களே… ஏத்தினேன். டொம்முன்னு ஒரு உதை உதைச்சிட்டு எழுந்துடுச்சு.

அண்ணி: சுவிட்சு?

நாத்தனார்: தொடல.

அண்ணி: கடவுளே… நல்லது. நல்லது. சூடு சரியா இருக்கு. இப்ப எங்க இருக்க?

நாத்தனார்: ஊருக்கு மேல. கூரை, கூரை, கூரையாத் தெரியுது. கொடியில துணி காயுது.

தலைவர்: பாராசூட் கட்டியிருக்கேல்லம்மா? நிலைமை கைமீறினா குதிக்கிறதுக்கு யோசிக்காதே.

நாத்தனார்: குதிக்க மாட்டேன் சார்.

தலைவர்: பேச்சைக் கேளு. விமானம் போனாப் போகட்டும்.

நாத்தனார்: விமானம் எங்க சார் போகும்? இந்தக் கூரை மேலதான் போகும். அண்ணி, பாப்பா ஸ்கூல் மைதானம் தெரியுது. யாரோ பந்து விளையாடுறாங்க. …நீங்க எண்ணைச் சொல்லுங்க. நான் திருகறேன்.

அண்ணி: …ஒரு நூல் ஏத்து. ஊரைத் தாண்டுற வரைக்கும் கொஞ்சம் மேலயே வெச்சுக்கலாம். வெந்தா வேகட்டும் டர்பைன்.

தலைவர்: விலை தெரியுமா அதுக்கு?

அண்ணி: தெரியும் சார். ஏத்து.

நாத்தனார்: ஏத்திட்டேன். …கூரையெல்லாம் முடியுது. …ரோடு. …வேலி. …அண்ணி, ஓடுபாதை தெரியுது! இனிமே இன்ஜின் நின்னாலும் சறுக்கி வந்துடுவேன்.

அண்ணி: நிறுத்தாதே!

நாத்தனார்: நிறுத்தல, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். உங்க இன்ஜின் இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கு.

அண்ணி: இறக்கு. மெதுவா. …இன்னும். …போதும். காத்து வலப்பக்கம்.

நாத்தனார்: தெரியுது. …வர்றேன். …வர்றேன். …சக்கரம் தொட்டுடுச்சு.

தலைவர்: தொட்டுட்டா! பம்பம்மா, தொட்டுட்டா!

அண்ணி: ஓரமா ஒதுக்கி நிறுத்து. குமிழை முழுசா இறக்கு. அணைச்சுடு.

நாத்தனார்: அணைச்சுட்டேன். …எவ்வளவு அமைதி!

தலைவர்: பம்பம்மா! எங்க ஓடுறீங்க? விசிறி நிக்கட்டும்! முழுசா நின்னப்புறம் கிட்டப் போங்க! …கேக்க மாட்டாங்களே!

அண்ணி: காலைப் பாத்து வை. படி இருக்கு. …இறங்கு. …என் தோளைப் பிடிச்சுக்கோ.

நாத்தனார்: நானே இறங்குவேன்… இல்ல, முடியல. குடுங்க தோளை.

தலைவர்: அடி ஒண்ணும் இல்லையேம்மா?

நாத்தனார்: ஒண்ணும் இல்ல சார். இந்த ரெண்டு விரலும்தான் நிமிர மாட்டேங்குது.

தலைவர்: நான் போய்த் தீயணைப்பு வண்டியைத் திருப்பி அனுப்பறேன். …பம்பம்மா, நீங்க சொல்றேன்னு சொன்னீங்கல்ல, அதை நீங்களே…

அண்ணி: சொல்றேன் சார். நீங்க போங்க.

நாத்தனார்: என்ன சொல்லணும்?

அண்ணி: முதல்ல உக்காரு.

நாத்தனார்: உக்காந்தா எழுந்திருக்க மாட்டேன். நின்னுக்கிட்டே கேக்கறேன்.

அண்ணி: ரெண்டாவது பம்பு நல்லா இருக்குன்னு சொன்னேன்ல.

நாத்தனார்: ம்.

அண்ணி: நல்லா இல்ல. நீ மாத்தவான்னு கேக்கும்போதே அது செத்துக்கெடந்துச்சு. நீ சுவிட்சைப் போட்டிருந்தா அந்த இடத்துலயே… உன் விரலைத் தவிர உன்னைத் தாங்க வேற ஒண்ணுமே இல்ல. தலைவர் சொல்லணும்னாரு. நான்தான் விடல. பயந்து உன் கை நடுங்கிடுமோன்னு… பெரிய தப்பு. உன் உயிரு, உன்கிட்டயே மறைச்சேன். திட்டணும்னா திட்டு, அடிக்கணும்னா அடி.

நாத்தனார்: எனக்குத் தெரியும் அண்ணி.

அண்ணி: என்ன தெரியும்?

நாத்தனார்: அது நின்னுபோச்சுன்னு. என் சீட்டுக்கு நேர் கீழதானே மாட்டியிருக்கீங்க? அது சும்மா சுத்தும்போது இடுப்புல ஒரு குறுகுறுப்பு இருந்துக்கிட்டே இருக்கும். உங்ககிட்ட மாத்தவான்னு கேட்டேனே, அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் நின்னுச்சு.

அண்ணி: தெரிஞ்சுக்கிட்டா கேட்ட?

நாத்தனார்: ஒருவேளை என் இடுப்புதான் பொய் சொல்லுதோன்னு ஒரு நப்பாசை. நீங்க பதில் சொன்னீங்க. ‘இருக்கேன் கண்ணு’ன்னு. இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து என்னை ‘ஏய்’னுதான் கூப்பிட்டிருக்கீங்க. கண்ணுன்னதும் புரிஞ்சுபோச்சு, நிஜமாவே எதுவும் இல்லன்னு.

அண்ணி: அடிப்பாவி! பின்ன ஏன்டி சொல்லல? கணவாய்க்குள்ள போகும்போதுகூட ஒண்ணும் தெரியாத மாதிரி, தலைவர்கிட்ட ‘வேற ஏதாவது சொல்லணுமா’ன்னு அவ்வளவு சாதாரணமாக் கேட்டியே… ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

நாத்தனார்: சொல்லியிருந்தா நீங்க அழுதிருப்பீங்க அண்ணி. நீங்க அழுதா, ‘ஒரு நூல் ஏத்து’ன்னு எனக்கு யாரு சொல்லுவா?